முட்செடியை அழைத்த மரங்கள்

யோதாம் கெரிசீம் மலையுச்சியில் நின்று சீகேம் மக்களுக்கு உரைத்த மரங்களின் உவமை (நியாயாதிபதிகள் 9:7-20) நம் பிரசங்க பீடங்களில் அரிதாகவே எடுத்தாளப்படுகிறது. எடுத்தாளப்படும்போதும் அதன் விளக்கம் பெரும்பாலும் ஒரே தடத்தில் செல்கிறது. ஒலிவமரமும் அத்திமரமும் திராட்சச்செடியும் தத்தம் அழைப்பில் நிலைத்து நின்ற உண்மை ஊழியர்கள், பதவியை நாடாதவர்கள். முட்செடியோ தகுதியின்றித் தலைமையை விரும்பிய அகந்தையின் உருவம். ஆகவே, பதவி ஆசையைத் துறந்து, கடவுள் தந்த பணியில் மனநிறைவு கொள்ளுங்கள் என்று அருளுரை முடிவடையும். நாமும் பல ஆண்டுகள் சபையாருக்கும் மாணவர்க்கும் இதையே போதித்து வந்தோம். இவ்விளக்கம் தவறானது என்றும், தீங்கு விளைப்பது என்றும் இப்போது கருதுகிறோம். மக்கள் தாமே தலைவரைத் தெரிந்துகொள்ளும் ஒரு நாட்டில் சர்வாதிகாரி எவ்வாறு எழும்புகிறான் என்ற கேள்விக்குத் திருமறை தரும் கூர்மையான விடையை அது நம் கண்களுக்கு மறைத்துவிடுகிறது. இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. உவமை யாரைக் குற்றஞ்சாட்டுகிறது?

உவமையும் அதைச் சூழ்ந்துள்ள வரலாறும் ஒன்றோடொன்று முற்றிலும் பொருந்தவில்லை என்பதை வேதாகம ஆய்வாளர்கள் நெடுங்காலமாகவே சுட்டிக்காட்டி வருகின்றனர். வரலாற்றில் அபிமெலேக்கு தானாகவே சீகேமுக்குப் போய் ஆட்சியைக் கேட்கிறான். உவமையிலோ முட்செடி எதையும் கேட்கவில்லை. மரங்களே அதனிடம் போய் அழைக்கின்றன. முடியாட்சியை எதிர்த்த ஒரு பழங்கதையை யோதாம் எடுத்தாண்டிருக்கலாம் என்பது பலரின் முடிவு. அவ்வாறாயின், பொருந்தாத அந்த இடமே நாம் உற்றுநோக்க வேண்டிய இடம். அபிமெலேக்கு கேட்டான் என்பது சீகேமியர் அனைவரும் அறிந்த செய்தி. நீங்கள் அழைத்தீர்கள் என்பதே அவர்கள் அறிய விரும்பாத செய்தி. யோதாம் தன் உவமைக்குத் தரும் விளக்கமும் (வச. 16-20) அபிமெலேக்கின் குணத்தை ஆராயவில்லை. நீங்கள் செய்தது உண்மையும் உத்தமமும் ஆகுமா என்று, அவனை ராஜாவாக்கினவர்களையே கேட்கிறது.

அப்படியானால் மூன்று நல்ல மரங்களைப் பற்றி என்ன சொல்வது? அவை மறுத்தது சரியா தவறா என்று உவமை தீர்ப்புக் கூறவில்லை. ஆனால் அவை கூறிய மறுமொழிகளைக் கூர்ந்து வாசித்தால் ஓர் உண்மை புலப்படுகிறது. ஒலிவமரம் தன் எண்ணெயைப் பற்றியும், அத்திமரம் தன் இனிமையையும் கனியையும் பற்றியும், திராட்சச்செடி தன் ரசத்தைப் பற்றியும் பேசுகின்றன. மூன்றும் தம்மைப் பற்றி மட்டுமே பேசின. உங்களுக்கு ஏன் ஒரு ராஜா வேண்டும் என்று அவற்றுள் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்து யாரிடம் போகப் போகிறீர்கள் என்றும் கேட்கவில்லை. தம் நற்கனியைக் காத்துக்கொண்டு, காட்டின் எதிர்காலத்தைக் காட்டுக்கே விட்டுவிட்டன.

முட்செடியின் சொற்களும் கவனிக்கத்தக்கவை. தன் நிழலில் அடைக்கலம் புகும்படி அது அழைக்கிறது. மறுத்தால் தன்னிலிருந்து புறப்படும் தீ லீபனோனின் கேதுருக்களையும் பட்சிக்கும் என்கிறது. முட்செடிக்கு ஏது நிழல்? இல்லாத நிழலை அது வாக்களிக்கிறது. அந்த வாக்குறுதியின் மறுபாதி மிரட்டலாக இருக்கிறது. பாதுகாப்பும் அச்சமும் ஒரே வாயிலிருந்து பிறக்கும் இப்பேச்சை வரலாறு பலமுறை கேட்டிருக்கிறது.

2. சீகேமில் நடந்தது

சீகேம் இன்றைய பொருளில் மக்களாட்சி நாடன்று. எனினும் பெரியோர் கூடித் தலைவனைத் தெரிந்துகொண்ட ஊர் அது. அங்கே அபிமெலேக்கு ஏறிய படிகள் நான்கு. முதலாவது, இனவுணர்வு: தான் அவர்களுடைய எலும்பும் மாம்சமும் என்று தாயின் சகோதரர் மூலம் சொல்லச் செய்தான். இரண்டாவது, எளிமைப்படுத்துதல்: எழுபது பேர் ஆளுவது நல்லதா, ஒருவன் ஆளுவது நல்லதா என்று கேட்டான். மூன்றாவது, ஆலயப் பணம்: பாகால்பேரீத்தின் கோவிலிலிருந்து எழுபது வெள்ளிக்காசு அவனுக்குக் கொடுக்கப்பட்டது. நான்காவது, கூலிப்படை: அப்பணத்தால் வீணரைச் சேர்த்து, தன் சகோதரரை ஒரே கல்லின்மேல் கொன்றான். இத்தனைக்கும் பிறகுதான் சீகேமின் பெரியோர் முறைப்படி கூடி அவனை ராஜாவாக்கினர். முறையில் குறையில்லை, தெரிந்துகொண்டவர்களின் கைகளில் மட்டும் இரத்தம் இருந்தது.

இதற்கு முன்னுரையாக அமைந்தது கிதியோனின் வாழ்வு. கர்த்தரே உங்களை ஆளுவார் என்ற கருத்துப்பட மணிமுடியை மறுத்தவர் அவர் (8:23). அதே கிதியோன் கொள்ளைப் பொன்னால் ஓர் ஏபோத்தைச் செய்து ஒப்ராவில் வைத்தார். அது இஸ்ரவேலருக்குக் கண்ணியாயிற்று. தம் மகனுக்கு, ‘என் தந்தை அரசன்’ என்று பொருள்படும் அபிமெலேக்கு என்னும் பெயரை இட்டார். பட்டத்தை மறுத்த நல்லவர், பட்டத்துக்குரிய கருவிகளை மட்டும் விட்டுச் சென்றார். தீயவன் அவற்றைப் புதிதாகச் செய்ய வேண்டியிருக்கவில்லை.

யூத அறிஞர் மார்ட்டின் பூபர் 1932-இல் ஜெர்மனியில் வெளியிட்ட, கடவுளின் அரசாட்சி பற்றிய நூலில், முடியாட்சிக்கு எதிராக உலக இலக்கியத்தில் எழுந்த கவிதைகளுள் வலிமை மிக்கது இவ்வுவமையே என மதிப்பிட்டார். மறு ஆண்டு, 1933 ஜனவரி 30 அன்று, அந்நாட்டின் அரசமைப்புச் சட்டத்தின்படியே இட்லர் பிரதமராக நியமிக்கப்பட்டார். அதற்கு முன் நடந்த தேர்தலில் அவருடைய கட்சி பெற்ற வாக்குகள் நூற்றுக்கு 33 மட்டுமே. பிப்ரவரி 28 அன்று குடிமக்களின் உரிமைகளை நிறுத்திவைக்க அவருக்கு உதவியது அரசமைப்பின் 48-ஆம் பிரிவு. மக்களாட்சியில் பற்றுக்கொண்ட தலைவர்களும் முன்னரே பலமுறை பயன்படுத்தித் தேய்ந்துபோன பிரிவு அது. மார்ச் 23 அன்று நாடாளுமன்றமே 444 வாக்குகளால், 94 பேர் மட்டும் எதிர்க்க, சட்டமியற்றும் தன் அதிகாரத்தை அவரிடம் ஒப்படைத்தது. கிதியோனின் ஏபோத்து அங்கும் ஆயத்தமாக இருந்தது.

3. நம் சமவெளியில் விளைந்தவை

இதைத் தொலைதேசத்துக் கதை என்று நாம் தள்ளிவிட இயலாது. சேலம், நாமக்கல் பகுதியின் வறண்ட நிலங்களை அறிந்தவர்களுக்குச் சீமைக் கருவேலத்தின் வரலாறு தெரியும். வேலிக்கும் விறகுக்கும் உதவும் என்று நல்லெண்ணத்தோடு வளர்க்கப்பட்ட மரம் அது. ஆடுகள் அதன் காய்களைத் தின்று விதைகளைப் பரப்பின. ஏரிகளும் புறம்போக்குகளும் அதன் வசமாயின. கொண்டுவந்தவர் எவரும் ஏரியை அழிக்க நினைத்தவரல்லர். இந்நாட்டில் 1975-இல் நிகழ்ந்ததற்கும் இத்தகைய ஒரு முன்வரலாறு உண்டு. அதன் மூன்று நிகழ்ச்சிகள் நம் மாவட்டங்களின் மண்ணோடும் மக்களோடும் தொடர்புடையவை.

முதலாவது, 1950 பிப்ரவரி 11. குடியரசின் அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து பதினாறு நாட்களே ஆகியிருந்தன. சேலம் மத்திய சிறைக்குள், தங்களை அரசியல் கைதிகளாக நடத்த வேண்டும் என்று வற்புறுத்திய கம்யூனிஸ்டுக் கைதிகள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 22 பேர் இறந்தனர். அன்று சனிக்கிழமை, மறுநாள் ஆராதனை நாள். நாம் இறையியல் கற்ற காலத்தில் இந்நாளைப் பற்றி எவரும் நமக்குக் கூறியதில்லை. நாமும் எவரையும் கேட்டதில்லை. கொல்லப்பட்டவர்கள் கடவுள் மறுப்பாளர்கள் என்பதே நம் மனச்சாட்சிக்குப் போதிய சமாதானமாக இருந்தது போலும்.

இரண்டாவது, அந்த மாதத்திலேயே நாடாளுமன்றம் இயற்றிய தடுப்புக் காவல் சட்டம். விசாரணையின்றி ஒருவரைச் சிறைவைக்கும் அதிகாரத்தை அரசமைப்பின் 22-ஆம் பிரிவே அனுமதித்திருந்தது. மறு ஆண்டு அச்சட்டத்தை நீட்டிக்கும் மசோதாவை மத்திய உள்துறை அமைச்சராக நின்று நிறைவேற்றியவர் ராஜாஜி. சேலத்தில் வழக்குரைஞராக விளங்கி, அந்நகராட்சியின் தலைவராக இருந்து, திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் 1925-இல் காந்தி ஆசிரமம் கண்டவர். அந்நியரின் சிறையை அனுபவித்தவர். அவருடைய நேர்மையை எவரும் ஐயுற்றதில்லை. அவரே 1959-இல், அரசின் கையில் அதிகாரம் குவிவதை அஞ்சிச் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். அவ்வச்சம் பிறக்குமுன் அவர் உறுதிப்படுத்திய கருவி, அவர் மறைந்த பின்னும் வேறு பெயரில் நிலைத்திருந்தது. 1971-இல் அது ‘மிசா’ எனப் பெயர் பெற்றது.

மூன்றாவது, திருச்செங்கோடு வட்டத்துக் குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்தில் தோன்றிய மோகன் குமாரமங்கலம். செல்வச் செழிப்பில் பிறந்து, கேம்பிரிட்ஜில் பயின்று, பொதுவுடைமைக் கொள்கைக்காக வெள்ளையர் ஆட்சியில் சிறை சென்றவர். பின்னர்க் காங்கிரசில் சேர்ந்து மத்திய அமைச்சரானவர். வங்கிகளை நாட்டுடைமையாக்கிய சட்டமும் மன்னர் மானிய ஒழிப்பும் 1970-இல் உச்ச நீதிமன்றத்தில் வீழ்ந்தபோது, ஏழைகளுக்கான சீர்திருத்தத்தை நீதிமன்றம் தடுக்கிறது என்ற சினம் பலருக்கு எழுந்தது. அச்சினம் முற்றிலும் நியாயமற்றதன்று. 1973 ஏப்ரல் 24 அன்று, அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றமும் மாற்ற இயலாது என்று கேசவானந்த பாரதி வழக்கில் தீர்ப்பு வந்தது. அதையடுத்து ஓரிரு நாட்களுக்குள், அத்தீர்ப்பின் பெரும்பான்மையில் நின்ற ஷெலாட், ஹெக்டே, குரோவர் ஆகிய மூன்று மூத்த நீதிபதிகளைக் கடந்து, ஏ. என். ரே தலைமை நீதிபதியாக்கப்பட்டார். மூவரும் பதவி விலகினர். நீதிபதியின் வாழ்க்கை நோக்கையும் கருத்துநிலையையும் அரசு கருத்தில் கொள்ளலாம் என்று நாடாளுமன்றத்தில் அதற்கு அறிவார்ந்த நியாயம் வகுத்தவர் குமாரமங்கலமே. அந்த மே மாதம் 31-ஆம் நாள் தில்லி அருகே விமான விபத்தில் அவர் மறைந்தார். நெருக்கடி நிலையை அவர் காணவில்லை. கண்டிருந்தால் என்ன செய்திருப்பார் என்று தீர்ப்பிட நமக்கு உரிமையில்லை. ஆனால் அவர் வகுத்த நியாயம் அவரோடு மறையவில்லை.

4. ஆயத்தமாக இருந்த பாதை

1975 ஜூன் 12 அன்று, இந்திரா காந்தி அம்மையாரின் 1971-ஆம் ஆண்டுத் தேர்தல் வெற்றி செல்லாது என அலகாபாத் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜூன் 25 இரவு 352-ஆம் பிரிவின் கீழ் நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் குடியரசுத் தலைவர் கையொப்பமிட்டார். அமைச்சரவை மறுநாள் காலையில்தான் கூடி இசைவளித்தது. எந்தப் படையும் நாடாளுமன்றத்தை முற்றுகையிடவில்லை. எந்தச் சட்டப் புத்தகமும் எரிக்கப்படவில்லை. ஒவ்வொரு செயலுக்கும் ஒரு சட்டப்பிரிவு இருந்தது. சிறைக்கு அனுப்ப மிசா இருந்தது. பிரதமரின் தேர்தலை நீதிமன்றம் ஆராயாதபடி 39-ஆம் திருத்தம் வந்தது. மக்களவையின் ஆயுளை ஆறாண்டாக்க 42-ஆம் திருத்தம் வந்தது. காவலில் வைக்கப்பட்டவர் ஆட்கொணர்வு மனுவால் நீதிமன்றத்தை அணுக இயலாது என்று 1976 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றமே கூறியது. அந்த ஐவர் அமர்வுக்குத் தலைமை ஏற்றவர் ஏ. என். ரே. தனித்து நின்று மறுத்தவர் எச். ஆர். கன்னா ஒருவரே, மறு ஆண்டு அவருக்குரிய தலைமைப் பதவி மற்றொருவருக்குப் போயிற்று. அந்தத் தீர்ப்பு தவறானது என்று அதே நீதிமன்றம் முறைப்படி அறிவிக்க 2017-ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் விசாரணையின்றிச் சிறையிலிருந்தனர். 1976-77 ஆம் ஓராண்டில் மட்டும் எண்பது லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன; வடமாநிலங்களில் அவற்றுள் பல கட்டாயத்தால் செய்யப்பட்டவை. தமிழ்நாட்டில் 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. அரசு நீக்கப்பட்டபின் அக்கட்சியினர் பெருமளவில் மிசாவில் அடைக்கப்பட்டனர். சென்னை மத்திய சிறையில் தாக்கப்பட்ட சிட்டிபாபு உயிரிழந்தார். அச்சிறையில் நடந்தவற்றை நீதிபதி இஸ்மாயில் ஆணையம் பின்னர் விசாரித்தது.

ஆனால் நாம் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டிய மற்றொரு உண்மையும் உண்டு. 1977 மார்ச் தேர்தலில் வடநாடு நெருக்கடி நிலையைத் தள்ளியபோது, தமிழ்நாட்டின் 39 இடங்களில் 34-ஐக் காங்கிரசும் அதன் தோழமைக் கட்சிகளுமே வென்றன. இங்கு அது மாநில அரசியலின் கணக்காக இருந்தது என்று கூறலாம். அது ஓரளவு உண்மையும் ஆகும். அலுவலகங்கள் நேரத்தில் திறந்தன, ரயில்கள் நேரத்தில் ஓடின என்று நம் மூத்தோர் அந்நாட்களை மெச்சிக் கூற நாம் இளமையில் கேட்டிருக்கிறோம். பிறருடைய சிறை நமக்கு ஒழுங்காகத் தோன்றியது. மரங்கள் முட்செடியை அழைத்தது இவ்வாறே.

5. மூன்று மரங்களாகிய நாம்

அந்நாட்களில் திருச்சபைத் தலைவர்களுள் பலர் மௌனம் காத்தனர். சிலர் வரவேற்கவும் செய்தனர். பேசியவர்கள் சிலரே. மார்த்தோமா சபையின் பேராயர் யூகானோன் மார்த்தோமா பிரதமருக்கே எதிர்ப்பு மடல் எழுதினார். அறிஞர் எம். எம். தாமஸ் அக்காலத்தில் தொடர்ந்து எழுதியவை 1979-இல் கொடுங்கோன்மைக்கு மறுமொழி என்னும் பொருள்படும் தலைப்பில் நூலாயின. இருவரும் அரசியல் பதவிக்காகப் பேசியவர்களல்லர். தம் எண்ணெயைவிடக் காட்டின் உயிர் பெரிது என்று கண்டவர்கள்.

மௌனத்துக்குத் துணையாக நாம் கொண்டது ரோமர் 13. அதன் முதல் ஏழு வசனங்களை, முன்னும் பின்னும் அறுத்து, நாம் தனியே வாசித்தோம். பவுலடியாரோ தீமையை நன்மையால் வெல்லுமாறு அழைக்கும் பன்னிரண்டாம் அதிகாரத்துக்கும், அன்பே நியாயப்பிரமாணத்தின் நிறைவேறுதல் என்னும் கருத்துக்கும் (13:8-10) நடுவில் அவ்வசனங்களை வைத்தார். ஆளுவோன் மக்களின் நன்மைக்காகக் கடவுளின் ஊழியக்காரன் என்பதும் அங்கேயே கூறப்பட்டுள்ளது. ஊழியக்காரன் என்ற சொல்லே ஆட்சிக்கு அளவுகோலாகிறது. அந்த அளவுகோலைக் கையில் எடுக்காத கீழ்ப்படிதலைப் பவுல் கற்பிக்கவில்லை.

இங்கு ஓர் ஆட்சேபம் எழக்கூடும். இந்திரா அம்மையாரை அபிமெலேக்கோடு ஒப்பிடுவது முறையா? அவரே 1977-இல் தேர்தலை அறிவித்தார். தோற்றபோது பதவி விலகினார். 1980-இல் மக்கள் வாக்கால் மீண்டும் வந்தார். நெருக்கடிக் காலத்தில்தான் கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டமும் வந்தது. இவை அனைத்தும் உண்மை. இவற்றை மறைப்பது நீதியாகாது. இட்லரோடு அவரை ஒரே தட்டில் வைப்பதையும் நாம் ஏற்கவில்லை. ஆனால் நம் கட்டுரை முட்செடியைப் பற்றியதன்று. ஆளுபவர் மனமிரங்கித் தேர்தல் நடத்தியதால் மீண்ட உரிமை, அவர் மனமிரங்காதிருந்தால் எப்போது மீண்டிருக்கும் என்பதே மரங்கள் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. 1978-இன் 44-ஆம் திருத்தம் சில கதவுகளை அடைத்தது உண்மையே: உள்நாட்டுக் குழப்பம் என்ற தளர்ந்த சொல் நீங்கி ஆயுதக் கிளர்ச்சி என்றாயிற்று, உயிர்வாழும் உரிமையை நிறுத்திவைக்க இயலாதென்றும் ஆயிற்று. எனினும் 22-ஆம் பிரிவின் தடுப்புக் காவல் இன்றும் நிற்கிறது. நம் மாநிலத்தில் 1982-இல் பிறந்த குண்டர் தடுப்புச் சட்டத்தின்கீழ் ஒருவரை ஓராண்டு வரை விசாரணையின்றி அடைத்துவைக்கலாம். அவர் நமக்குப் பிடிக்காதவராக இருக்கும்போது நாம் கைதட்டுகிறோம்.

6. சபைக்குள் ஒரு சோதனை

இறுதியாக, இவ்வுவமையை வெளியே உள்ளோருக்கு மட்டும் போதிக்க நமக்கு வாயில்லை. நம் சேகரக் கமிட்டிகளும் திருமண்டலப் பெருமன்றங்களும் வாக்குகளால் இயங்குகின்றன. அங்கே பதவிக்காலத்தை நீட்டிக்க விதி திருத்தப்படும்போது, நல்ல நிர்வாகி ஆயிற்றே என்று நாம் கையுயர்த்துகிறோம். கணக்குக் கேட்டவர் குழுவிலிருந்து விடுபடும்போது, சபையின் அமைதி கருதி வாய்மூடுகிறோம். எம் மக்கள், எம் ஊரார், எம் சாதியார் என்ற குரலில் சீகேமின் எலும்பும் மாம்சமும் பேசுவதை நாம் அறிந்தே இருக்கிறோம். ஆலயப் பணம் யாருக்கு வலிமை சேர்க்கிறது என்று கேட்பவர் அரியர். நம்முள் சிறந்த போதகர்கள், நமக்கு ஊழியமே போதும் என்று ஒதுங்கிவிடுகின்றனர். அவர்களுடைய எண்ணெயும் கனியும் ரசமும் மெய்யானவை. அவர்கள் ஒதுங்கிய இடம் வெறுமையாக இருப்பதில்லை என்பதும் மெய்.

யோதாம் தன் உவமையை உரைத்துவிட்டு உயிருக்கு அஞ்சி ஓடிப்போனான். வீரனாகத் திருமறை அவனைக் காட்டவில்லை. அபிமெலேக்கு மூன்று ஆண்டுகள் ஆண்டான், சீகேம் எரிந்தது, தேபேசில் பெயர் அறியப்படாத ஒரு பெண் எறிந்த ஏந்திரக்கல் துண்டால் அவன் வீழ்ந்தான். யோதாமால் அதைத் தடுக்க இயலவில்லை. ஆயினும் ஊரார் தம்மைக் குற்றமற்றவர்கள் என்று சொல்லிக்கொள்ள இயலாதபடி, நடந்ததற்கு உரிய பெயரை உரிய நேரத்தில், அவர்கள் காதில் விழும் தூரத்தில் நின்று சொல்லிவிட்டான். பிரசங்க பீடத்துக்கு அளிக்கப்பட்டுள்ள பணியும் அவ்வளவே. அதில் குறைந்தால் அது பணியாகாது. அடுத்த முறை இப்பகுதியைப் போதிக்க எழும் நம் மாணவர்கள், முட்செடியின் அகந்தையைப் பற்றிப் பேசுமுன், தம் எதிரே அமர்ந்திருக்கும் மரங்களையும், அவற்றோடு தம்மையும், ஒரு கணம் நோக்குவார்களாக. நாம் பல ஆண்டுகள் அதைச் செய்யவில்லை.